கழுத்து நோ, முதுகு நோ

அன்ரனெற்றுக்கு வாய் கூட என்று ரொறன்ரோ ரெக்ஸ்டேலில் அவள் குடியிருந்த கட்டடம் முழுக்கப் பேச்சு. கூடத்தான், அதை அவளே மறுக்கமாட்டாள். லிஃப்ற் ஓடாவிட்டால் கீழே இறங்கிப்போய்ச் சத்தம் போடுகிறவள் அவள். மாரிக் குளிருக்கு ஹீற்றர் சூடாகாவிட்டால் மானேச்சரின் கதவைத் தட்டுகிறவளும் அவள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நிற்பார்கள். வேலை முடிந்த பிறகு, "எண்டாலும் ஒரு பொம்பிளைக்கு இவ்வளவு வாய் கூடாது" என்பார்கள். சூடு வந்த அறைக்குள் இருந்துகொண்டுதான் அதையும் சொல்வார்கள்.

அவளுடைய புருசன் சூசைதாசன் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம்" என்று தலையாட்டுகிற மனிதன். குடிக்கமாட்டான், அதிர்ந்து பேசமாட்டான், பூசைக்குப் போனால் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பான். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் காரில் சீற் பெல்ற் போடாதது. "பக்கத்திலைதானே போறன்" என்பான். எங்கே போனாலும் அவனுக்குப் பக்கம்தான். அதற்காக அன்ரனெற் கத்தாத நாள் இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நீக்கிலாஸ் என்று ஒருவர் இருந்தார். இவர்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிப்போனவர், இருக்க வீடு பிடித்துத் தந்தவர், மகள் நிலாணியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். இவ்வளவும் உண்மை, இதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அக்சிடென்ற் நீக்கிலாஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவேண்டியதில்லை. தமிழன் ஒருவனின் கார் அடிபட்டால் அவன் முதலில் அம்புலன்சைக் கூப்பிடமாட்டான், நீக்கிலாசைக் கூப்பிடுவான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நீக்கிலாஸ் இருந்தார். ஒருவரிடமும் செல்போன் இல்லாத காலத்தில் இவர்களின் இடுப்பில் அது தொங்கும். அடிபட்ட இடத்தில் வந்து இறங்கியவுடன் இவர்கள் ஓதுகிற மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: கழுத்து நோ, முதுகு நோ. அந்த இரண்டு வலியையும் எந்த எக்ஸ்ரேயாலும் பொய் என்று காட்டமுடியாது. மற்றதையெல்லாம் லோயர் பார்த்துக்கொள்வார், இன்சூரன்ஸ் நட்டஈடு கட்டும். உண்மையாகவே கழுத்து முறிந்து படுத்தவர்களும் நம் ஆட்களுக்குள் இருந்தார்கள். அவர்கள் அழுதபோதும் ஒருவரும் நம்பாமல் போனதற்கு இந்த மந்திரம்தான் காரணம், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அன்ரனெற் கோழி பொதி செய்கிற பக்டரி ஒன்றில் வேலை செய்தாள். உள்ளே எப்போதும் ஐஸ் குளிர். இரண்டு கையுறைக்குள்ளும் விரல்கள் வீங்கி, வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். சூசைதாசன் எதிரே இருந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தத் தை மாதம் பனி கொட்டிய ஒரு பின்னேரம், வேலை முடிந்து அவனுடைய காருக்காக வாசலில் நின்றாள். கார் வரவில்லை. சுப்பவைசர் வந்து உனக்குப் போன் என்றான். மறுமுனையில் நீக்கிலாஸ்.

"தங்கச்சி, பயப்பிடாதையும். சூசைக்கு ஒரு சின்ன அக்சிடென்ற். சிவப்பிலை நிக்காமல் ஒருத்தன் வந்து அடிச்சிட்டான், முழுப் பிழையும் அவன்ரை. நல்ல கேஸ். நான் பக்கத்திலைதான் நிக்கிறன், ஆஸ்பத்திரிக்கு வாரும்."

நல்ல கேஸ். அந்தச் சொல் அவளுக்கு அப்போதே குத்தியது. ஆனாலும் ஆள் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் அதை விழுங்கிவிட்டு டாக்சியில் ஏறினாள்.

அன்று ஹைவேயில் கார்கள் ஒன்றோடொன்று மோதி ஆட்கள் வந்து குவிந்ததில் ஆஸ்பத்திரி எமேர்ஜென்சி சந்தை மாதிரிக் கிடந்தது. அறைகளில் இடம் இல்லாமல் உள் நடைபாதைச் சுவரோரம் ஸ்ரெச்சர்கள். அதில் ஒன்றில் சூசைதாசன் கழுத்தைச் சுற்றிப் பட்டி கட்டியபடி மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தலைமாட்டில், தாதியிடம் "நான் இவருடைய அண்ணன்" என்று சொல்லி உள்ளே வந்திருந்த நீக்கிலாஸ்.

அன்ரனெற் போய்ச் சேரவும் ஒரு டொக்டர் வரவும் சரியாக இருந்தது. முகம் நிறையப் புள்ளி விழுந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் சூசைதாசனின் வயிற்றில் கை வைத்து அழுத்தினாள். நோகிறதா என்று கேட்டாள். சூசைதாசனின் கண் டொக்டரைப் பார்க்கவில்லை, நீக்கிலாசைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில், "நோ, நோ. நெக், பாக்" என்றான்.

டொக்டர் அன்ரனெற்றைப் பார்த்து, உங்கள் மொழியில் ஒருக்கால் கேளுங்கள் என்றாள்.

"இஞ்சாருங்கோ, வயிறு நோகுதோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லும்."

நோகவில்லை என்று அவன் சொல்லவில்லை. இல்லையென்று சொல் என்றுதான் சொன்னான். அவளுக்கு அது விளங்கியது. விளங்கியும், கூட்டமும் சத்தமும் நிலைகுலைத்த அந்த நேரத்தில், அவன் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டர் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிவிட்டு, அலறிக்கொண்டு வந்த அடுத்த ஸ்ரெச்சரிடம் ஓடினாள்.

"என்ன நடக்குது இஞ்சை?" என்று நீக்கிலாசிடம் திரும்பினாள் அன்ரனெற்.

நீக்கிலாஸ் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுமில்லைத் தங்கச்சி. ஆள் பெல்ற் போடேல்லை. ஸ்ரியரிங் வயித்திலை அடிச்சிருக்குது. வயித்தைக் காட்டினால் பெல்ற் போடாததும் தெரிஞ்சுபோகும். பிறகு சூசையின்ரை பிழையும் இருக்குதெண்டு இன்சூரன்ஸ்காரன் கேஸைப் படுத்திப்போடுவான். வயிறு நாளைக்குச் சரிவந்திடும். கேஸுக்குக் கழுத்தும் முதுகுமே காணும்."

"வயிறு நோகுதோ?" என்று அவள் இந்த முறை புருசனிடம் நேரே கேட்டாள்.

"கொஞ்சம்தான்" என்றான் சூசைதாசன். பிறகு இடது தோளைத் தடவி, "இது ஏனோ வலிக்குது. இதிலை அடிபடவும் இல்லை" என்றான்.

நீக்கிலாசின் முகம் மலர்ந்தது. "தோளோ? பாத்தியோ! அதையும் சொல்லு. கழுத்தோடை தோளும் சேர்ந்தால் இன்னும் நல்லது."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இந்த மனிதர் வீடு எரியும்போதே எதைப் பிடுங்கலாம் என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனம் என்று சொல்லமுடியாது, அதுதான் இன்னும் ஆத்திரம். தன் ஞானமகளின் தகப்பனுக்கு நல்லது செய்கிறேன் என்றே அவர் முழுதாக நம்பினார்.

சூசைதாசன் தண்ணீர் கேட்டான். பிறகும் கேட்டான். அன்ரனெற் அவனுடைய நெற்றியில் கை வைத்தாள். வியர்வை. நடைபாதையில் கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று அடிக்கிறது, இவனுக்கு நெற்றியிலும் மூக்கின் கீழேயும் வியர்த்துக் கொட்டுகிறது. கை அவள் பக்டரியில் தொடுகிற கோழி மாதிரிக் குளிர்ந்திருந்தது. உதடு வெளிறி, கண் சொருகுவதும் திறப்பதுமாக இருந்தது.

"நீக்கிலாஸ் அண்ணை, இவருக்கு ஏதோ செய்யுது. நான் டொக்டரிட்டைச் சொல்லப்போறன்."

"அவசரப்படாதையும். எக்ஸ்ரே வரட்டும். தாங்களே பாப்பினம். நீர் வாயைக் குடுத்துக் கெடுத்துப்போடாதையும்."

அவ்வளவுதான். கட்டடம் முழுக்கப் பேசுகிற அந்த வாய் அப்போது திறந்தது. ஏன் இவ்வளவு நேரமும் மூடிக்கிடந்தது என்று அவளுக்கே தன்மேல் வந்த கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. நடைபாதையின் நடுவில் நின்று, பக்டரியில் மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரலில், தனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினாள். வயிறு! இவருக்கு வயிற்றில் அடிபட்டது! ஸ்ரியரிங் அடித்தது! பெல்ற் போடவில்லை! கழுத்து இல்லை, முதுகு இல்லை, எல்லாம் பொய்! யாராவது வாருங்கள்!

புள்ளிமுக டொக்டர் ஓடிவந்தாள். கையைப் பிடித்து நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்த தாதி சொன்ன இலக்கத்தைக் கேட்டு முகம் மாறினாள். ஸ்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஒரு திரைக்குள் போனார்கள். யாரோ சில்லு வைத்த ஒரு மெசினை உருட்டிவந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஒரு சின்னத் திரை, வயரின் நுனியில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பிடி.

அன்ரனெற்றுக்கு அந்த மெசினைத் தெரியும். நிலாணி வயிற்றில் இருந்தபோது, இதயம் துடிக்கிறது பார் என்று காட்டியது இதே மாதிரி மெசின்தான். திரைக்கு வெளியே நின்ற நீக்கிலாசுக்கும் தெரியும். "பிள்ளைத்தாச்சிக்குப் பிடிக்கிற படத்தை ஆம்பிளைக்கு ஏன் பிடிக்கினம்?" என்றார்.

அடிபட்டு வருகிறவர்களின் வயிற்றை இப்படி ஸ்ரெச்சரில் வைத்தே பார்க்கிற வழக்கம் அப்போதுதான் அங்கே வந்திருந்தது. டொக்டர் அவன் வயிற்றில் ஒரு குளிர்ந்த பசையைப் பூசினாள். வலது விலாவுக்குக் கீழே பிடியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு, வளைந்து, விரல் தடிப்பில்.

"இது ஈரல், இது சிறுநீரகம்" என்று டொக்டர் பக்கத்தில் நின்ற மற்ற டொக்டரிடம் சொல்வது அன்ரனெற்றுக்குக் கேட்டது. "இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கவேணும். நடுவில் இந்தக் கறுப்பு இருக்கக்கூடாது. இரத்தம்." பிடியை இடது பக்கம் கொண்டுபோனாள். அங்கே கறுப்பு இன்னும் அதிகம். மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்றாள். செபமாலையில் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறைந்த மந்திரமும் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது. நெக், பாக் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காத மெசின்.

ஓட்டமாக ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் டொக்டர் அன்ரனெற்றின் தோளைப் பிடித்து, வேறு எங்காவது வலி சொன்னாரா என்று கேட்டாள். இடது தோள் என்றாள் இவள். டொக்டர் தலையசைத்தாள். உள்ளே கசிகிற இரத்தம் நெஞ்சுக்குக் கீழே இருக்கிற தசையை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும், அது வயிற்றின் வலி என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தோளோ, இன்னும் நல்லது என்று சிரித்த முகம் அன்ரனெற்றின் கண்ணுக்கு முன்னால் வந்தது. திரும்பினாள். அந்த முகம் பக்கத்திலேயே நின்றது, கையில் செல்போன்.

"தங்கச்சி, ஒப்பரேசன் எண்டால் கேஸ் பெருசுதான். ஆனால் நீர் அந்தப் பெல்ற் கதையை..."

"போங்கோ" என்றாள் அன்ரனெற். "என்ரை வாயிலை வேறை ஏதும் வர முன்னம் போங்கோ."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. இங்கே வாயுள்ளவளின் புருசன் பிழைத்தான். கிழிந்த மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புளையும் தாண்டி ஒரு நீளத் தையல். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சவப்பெட்டிக்குத்தான் சொல்லியிருக்கவேண்டும் என்பதை டொக்டர் தன் மொழியில் பதமாகச் சொன்னாள்.

இதோடு கதை முடிந்து, எல்லாரும் அன்ரனெற்றைக் கொண்டாடியிருக்கவேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. ஒரு கிழமைக்குள் கட்டடம் முழுக்க ஒரே கதை: அன்ரனெற்றின் வாயால் நல்ல கேஸ் ஒன்று நாசமாய்ப் போச்சு. பெல்ற் போடவில்லை என்று பெண்சாதியே ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாளாம். லிஃப்றில் கண்டவர்கள் முதலில் "சூசைக்கு எப்படி?" என்று கேட்டார்கள். அடுத்த கேள்வி, "ஏன் பிள்ளை அந்தப் பெல்ற் கதையைச் சொன்னனீர்?"

சூசைதாசன் வீட்டுக்கு வந்து, எழும்பிக் கதிரையில் இருக்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நீக்கிலாஸ் தோடம்பழப் பையோடு வந்தார். கொஞ்ச நேரம் நிலாணியோடு விளையாடினார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, இன்னும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. நீர் அண்டைக்குப் பதறிப்போய் நிண்டனீர். பதட்டத்திலை பிழையாச் சொல்லிப்போட்டன், பெல்ற் போட்டிருந்தவர் எண்டு லோயரிட்டை ஒரு வார்த்தை சொன்னால் காணும்."

"எது பிழை?" என்றாள் அன்ரனெற். "நான் சொன்னது பிழையோ, நீங்கள் சொல்லச் சொன்னது பிழையோ?"

"எல்லாரும் செய்யிறதுதானே..."

"அவர் செத்திருந்தாலும் கழுத்து நோவெண்டுதானே கேஸ் போட்டிருப்பியள்?"

நீக்கிலாஸ் சூசைதாசனைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிற பார்வை. அன்ரனெற்றும் அவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை சொல்லுறதையும் ஒருக்கால் யோசியுமன்" என்றான்.

நீக்கிலாஸ்மேல் வந்த கோபம் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் தூசு. தோடம்பழப் பையை எடுத்து நீக்கிலாசின் கையில் திணித்தாள். கதவைத் திறந்துவிட்டாள். அவர் சப்பாத்துப் போடும்வரைகூடப் பொறுக்கவில்லை, சப்பாத்தையும் கையில் கொடுத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்குக் கொஞ்சமும் வெக்கமில்லையோ? செத்துக்கொண்டு கிடக்கேக்கையும் அந்த ஆளின்ரை முகத்தைத்தானே பாத்தனீங்கள்? நான் பக்கத்திலை நிண்டனான், என்னைப் பாத்தனீங்களோ? நோகுதெண்டு ஒரு சொல்லு. ஒரு சொல்லு சொல்ல உங்களுக்கு ஆரின்ரை அனுமதி வேணும்?"

சூசைதாசன் அவளுடைய வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கேஸ் சரிவந்தால் நீர் உந்தக் கோழிப் பக்டரியை விடலாம் எண்டு நினைச்சனான்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து கோபமும் இரட்டிப்பாய் வந்தது. "என்ரை கைக்காக உங்கடை உயிரைக் குடுக்கச் சொல்லி நான் கேட்டனானோ? இந்தக் கையாலை நான் உங்களுக்கு மண்ணள்ளிப் போட்டிருக்கவேணுமோ?" என்று கத்தினாள். நிலாணி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அன்ரனெற் குசினிக்குள் போய், கழுவவேண்டிய தேவையே இல்லாத பாத்திரங்களையெல்லாம் எடுத்துக் கழுவினாள்.

லோயர் ஆள் அனுப்பிக் கேட்டபோதும் அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

சூசைதாசன் வெளியே வரத் தொடங்கிய முதல் ஞாயிறு, பூசை முடிந்து சனம் கார் நிறுத்துமிடத்தில் கூடி நின்றது. இப்போது கார் ஓட்டுகிறவள் அன்ரனெற். சூசைதாசன் மெல்ல மெல்ல நடந்து வந்து பக்கத்துச் சீற்றில் ஏறினான். அவள் வெளியே நின்றபடியே உள்ளே குனிந்து, தையல் அழுந்தாமல் ஒரு சின்னத் தலகணியை அவன் வயிற்றில் வைத்து, பெல்ற்றை இழுத்து மாட்டினாள்.

நாலைந்து ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் நீக்கிலாஸ். யாரோ சிரித்தார்கள்.

"என்ன சூசை, மனிசி கட்டிப்போட்டிட்டாவோ? இனி எங்கையும் ஓட ஏலாது."

நீக்கிலாசும் சிரித்தார். "அப்பவே கட்டியிருந்தால் கேஸும் தப்பியிருக்கும்" என்றார்.

அன்ரனெற் நிமிர்ந்தாள். வாயும் திறந்துவிட்டது. அதற்குள் காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய குரல் இல்லை, ஆனால் சிரித்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. சூசைதாசன் கண்ணாடியை இறக்கி, நீக்கிலாசை நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீக்கிலாஸ் அண்ணை, எனக்குக் கழுத்து நோகேல்லை. முதுகும் நோகேல்லை. வயிறுதான் நொந்தது."

நீக்கிலாசின் கை தன்பாட்டில் இடுப்புப் போனைத் தடவியது. அன்ரனெற் சுற்றி வந்து ஏறி, தன் பெல்ற்றையும் மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

"இதை அண்டைக்கே ஆஸ்பத்திரியிலை சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபம் ஆறவே இல்லை.